வேனுக்குள் மழை: கண்ணாடியெல்லாம் தண்ணீர், மெத்தைக்கடியில் ஓதம்

28 அக்டோபர் 2023, பகல் (கேள்வி)

போன மாதம் பழைய கேம்பர் (உள்ளேயே படுத்துத் தூங்கும் வேன்) ஒன்று வாங்கினோம். பள்ளி அரைப்பருவ விடுமுறைக்கு வேல்ஸில் ஸ்னோடோனியா பக்கம் மூன்று ராத்திரி தங்கினோம், நான்கு பேர். காலையில் எழுந்தால் கண்ணாடியெல்லாம் தண்ணீராக வழிகிறது. கூரையிலிருந்து பையன் மூக்கில் சொட்டுகிறது. மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் அடியில் சொதசொத. ஈரம் உறிஞ்சும் சின்ன மெஷின் ஒன்று 40 பவுண்டுக்குக் கிடைக்கிறது, வாங்கலாமா? இல்லை கூரைதான் ஒழுகுகிறதா? விற்றவரைப் பிடித்துக் கேட்கலாமா?

28 அக்டோபர் 2023, இரவு (பதில்)

தம்பி, விற்றவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அந்தத் தண்ணீர் நீங்கள் நான்கு பேரும் விட்ட மூச்சு.

தூங்குகிற பெரிய ஆள் ஒருவர் மூச்சிலும் தோலிலுமாக ராத்திரிக்குக் கால் லிட்டருக்கு மேல் தண்ணீரை வெளியே விடுகிறார். பிள்ளைகளுக்குக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாலும் நான்கு பேருக்கு ஒரு லிட்டர் பக்கம் வந்துவிடும். இப்போது வேனைப் பாருங்கள். உள்ளே இருக்கும் இடம் ஏழு கன மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 17 கிராம் தண்ணீரைத்தான் தாங்கும். ஏழையும் பதினேழையும் பெருக்கினால் 120 கிராம் பக்கம், ஒரு டம்ளருக்கும் குறைவு. நீங்கள் ஊற்றியதோ ஒரு லிட்டர். மிச்சம் எங்கே போகும்? வண்டிக்குள் எது அதிகமாகச் சில்லிட்டிருக்கிறதோ அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். முதலில் கண்ணாடி, அப்புறம் வெறும் தகரம், அப்புறம் மெத்தைக்கடியில் இருக்கும் பலகை.

ஊரில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வைத்த செம்பு முத்து முத்தாக வியர்க்குமே, அதே கதைதான். என்ன, இங்கே செம்புக்குள் நாம் படுத்திருக்கிறோம்.

மெஷின் வேண்டாம். ஜன்னலைத் திறந்து வைத்துப் படுங்கள், போதும்.

29 அக்டோபர் 2023, காலை

இன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியதில் சீக்கிரமே முழிப்பு வந்துவிட்டது. நேற்று எழுதியதை மனைவி படித்துவிட்டுச் சிரித்தாள். “ஜன்னலைத் திறந்தால் போதுமா? விட்பி கடற்கரையில் தங்கியபோது திறந்துதானே வைத்திருந்தோம், தலையணை நனையவில்லையா?” உண்மைதான். ஒரு ஜன்னல் போதாது. காற்று உள்ளே வர ஓரிடம், வெளியே போக ஓரிடம் வேண்டும், ஒன்று தாழ்வாக, ஒன்று உயரமாக. எங்கள் வண்டியில் ஓட்டுநர் பக்கக் கண்ணாடியை இரண்டு விரல் அகலம் இறக்கிவிட்டு, கூரையில் இருக்கும் திறப்பைக் கொஞ்சம் தூக்கி வைக்கிறோம். முன் கதவுக் கண்ணாடிகளுக்கு மேலே பிளாஸ்டிக் மழைத்தடுப்பு ஒட்டிய பிறகு மழையிலும் இறக்கி வைக்க முடிகிறது.

லெஸ்டர் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: வெளியே மழை, ஈரப்பதம் 95 சதவீதம், திறந்தால் இன்னும் ஈரம்தானே உள்ளே வரும்? நானும் இரண்டு வருடம் அப்படித்தான் நினைத்து எல்லாவற்றையும் இறுக்கி மூடிக்கொண்டு படுத்தேன். 5 டிகிரி குளிரில் 95 சதவீதம் என்றால் (அந்தக் குளிரில் காற்று அதிகபட்சம் தாங்கக்கூடியதில் 95 சதவீதம்) கன மீட்டருக்கு ஆறரை கிராம் தண்ணீர்தான் இருக்கிறது. அதே காற்று உள்ளே வந்து 18 டிகிரிக்குச் சூடானால் அதால் 15 கிராம் வரை தாங்க முடியும். ஆக உள்ளே வந்ததும் அது நாற்பது சொச்சம் சதவீதக் காற்று, நல்ல உலர்ந்த காற்று. கொட்டும் மழையிலும் வெளிக்காற்று நம் மூச்சுக்காற்றை விட வறண்டது. இதை நம்புவதற்கு எனக்கு 8 பவுண்டு ஈரப்பதமானி ஒன்று தேவைப்பட்டது. மெஷினுக்கு வைத்திருக்கும் காசில் முதலில் அதை வாங்குங்கள் தம்பி.

29 அக்டோபர் 2023, மாலை

“குளிருமே” என்று மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். குளிரும். கம்பளியும் குல்லாவும் எதற்கு இருக்கின்றன?

13 நவம்பர் 2023

குல்லா பற்றி எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

தீபாவளிக்கு லேக் டிஸ்ட்ரிக்ட் போயிருந்தோம், டெர்வென்ட்வாட்டர் ஏரிப் பக்கத்தில் ஒரு கேம்ப்சைட். நான் எழுதியபடியே முன்னால் ஒன்று, கூரையில் ஒன்று திறந்து வைத்தோம். வெளியே 3 டிகிரி, இலைகூட அசையவில்லை. உள்ளே 7 டிகிரி. காலையில் கண்ணாடி முழுக்கத் தண்ணீர்தான். மூக்கும் உறைந்தது, ஜன்னலும் நனைந்தது. காரணம் யோசித்தால் புரிகிறது. வெளிக்காற்று உள்ளே வந்து சூடானால்தான் அதற்குத் தாகம் எடுக்கும். சூடு கொடுக்க ஆளில்லை என்றால் மூன்று டிகிரிக் காற்று மூன்று டிகிரிக் காற்றாகவே சுற்றிவிட்டுப் போகிறது. திறப்பும் வேண்டும், சூடும் வேண்டும். ஒன்றை மட்டும் செய்தால் பாதி வேலைதான்.

இன்னொரு குற்றமும் ஒப்புக்கொள்ள வேண்டும். தீபாவளிக் காலை இட்லி இல்லாமல் எப்படி? வேனுக்குள்ளேயே கேஸ் அடுப்பில் குக்கர் வைத்து இரண்டு ஈடு எடுத்தோம். வெளியே மழை, அதனால் கதவைச் சாத்திவிட்டோம். முதல் ஈடு வெந்து மூடியைத் திறந்த நொடியில் வேனுக்குள் எதிரே உட்கார்ந்திருந்த சின்னவன் முகம் தெரியவில்லை. “அப்பா, மேகத்துக்குள்ள இருக்கோம்” என்று அவனுக்குக் கொண்டாட்டம். ஊற்றியது ஒரு லிட்டர் தண்ணீர். முடிந்தபின் அளந்து பார்த்தேன், அரை லிட்டர்தான் மிச்சம். பாதி எங்கள் கூரையில், திரையில், புதுத்துணியில்.

அதோடு விடவில்லை. கேஸ் எரிந்தாலே தண்ணீர் பிறக்கும். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ தண்ணீர், பள்ளி வேதியியல்தான், காகிதத்தில் போட்டுப் பாருங்கள். எரிவதற்குக் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால் எரிந்ததை விட அதிக எடைக்குத் தண்ணீர் வருகிறது. குளிருகிறது என்று கேஸ் அடுப்பைப் பற்றவைத்துக் குளிர்காய்பவர்கள் ஈரத்தையும் சேர்த்தே பற்றவைக்கிறார்கள். ஈரம் போகட்டும், அதில் உயிருக்கே ஆபத்து, எரியும்போது வரக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வாசனையே காட்டாது. அணைந்த கரி அடுப்பைக்கூட உள்ளே கொண்டுவரக் கூடாது. வேன் தரையில் சின்ன ஓட்டைகள் இருக்கும், கேஸ் கசிந்தால் கீழே இறங்கி வெளியேற வைத்தவை (இந்த கேஸ் காற்றைவிடக் கனம்). சில்லென்று காற்று வருகிறது என்று அதில் துணி அடைக்காதீர்கள்.

இப்போதெல்லாம் இட்லி வெளியே, தார்ப்பாய்க்குக் கீழே. மழையில் குடை பிடித்துக்கொண்டு இட்லிக்குக் காவல் நிற்பது யார் என்று கேட்காதீர்கள்.

13 நவம்பர் 2023, சற்று முன் எழுத விட்டுப்போனது

சோற்றைக் கொதிக்கவிட்டு வடிப்பதைவிட, தண்ணீரை அளந்து வைத்து மூடி போட்டுச் சிம்மில் வேகவிட்டால் ஆவி குறைவு. ஈரத்துண்டை வேனுக்குள் காயப்போட்டால் அதில் இருக்கும் தண்ணீர் மொத்தமும் உங்கள் கண்ணாடிக்குத்தான். நனைந்த ஷூவும் அப்படியே.

19 நவம்பர் 2023

தம்பி மெஷின் வாங்கியே விட்டாராம். சரி, வாங்கியது வாங்கியாயிற்று. அந்தச் சின்ன மெஷின்கள் நாளைக்குக் கால் லிட்டர் என்று பெட்டியில் போட்டிருப்பது பெரும்பாலும் 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதத்தில் எடுத்த கணக்கு. அது சென்னையில் ஒரு சாதாரண சாயங்காலம். வேல்ஸில் நவம்பர் ராத்திரி 6 டிகிரியில் அது என்ன எடுக்கும் என்று காலையில் டப்பாவைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். குளிரில் நன்றாக வேலை செய்வது உறிஞ்சு பொடி உருளை வைத்த பெரிய ரகம், ஆனால் அது 300 வாட்டுக்கு மேல் இழுக்கும். கேம்ப்சைட்டில் கரண்ட் இணைப்பு இருந்தால் பயன்படுத்தலாம், பேட்டரியில் நடக்காது.

டப்பாவில் வெள்ளைக் கட்டிகள் போட்டு வைப்பார்களே, கால்சியம் குளோரைடு, அது நிறுத்தி வைத்திருக்கும் வண்டிக்குப் பரவாயில்லை. நான்கு பேர் படுத்திருக்கும் வேனுக்கு அது கடலைக் கரண்டியால் இறைப்பது. கவிழ்ந்தால் அந்த உப்புத் தண்ணீர் தகரத்தை அரிக்கும். எங்கள் வீட்டில் சின்னவன் ஒரு தடவை கவிழ்த்தான். அந்த இடத்தில் திருகு ஒன்று இன்றைக்கும் சிவப்பாக இருக்கிறது.

2 டிசம்பர் 2023

மெத்தைக்கு வருவோம், கேட்ட கேள்வியில் பாதி அதுதான்.

நான் செய்த அதிபுத்திசாலித்தனம்: மெத்தைக்குக் கீழே ஊரிலிருந்து கொண்டுவந்த கோரைப்பாயை விரித்தேன். இயற்கையானது, காற்று போகும், அம்மா வீட்டில் எல்லாரும் அதில்தான் படுப்பார்கள் என்று கணக்கு. ஒரு குளிர்காலம் முடிந்து எடுத்துப் பார்த்தால் பாய் முழுக்கக் கறுப்புப் புள்ளி, பத்தமடைப் பாயில் யாரோ மிளகு தூவியது போல. மக்கிய வாடை வேறு. பலகைக்கும் மெத்தைக்கும் நடுவில் காற்றுக்கு வழி வேண்டும், பாய் வழியா விட்டது? நசுங்கி ஒட்டிக்கொண்டது. உடம்புச்சூட்டோடு மெத்தை வழியாக இறங்கும் ஈரக்காற்று அடியில் சில்லென்ற பலகையைத் தொட்டதும் தண்ணீராகிறது, அதைப் பாய் அழகாகப் பிடித்து வைத்துக்கொண்டது.

இப்போது பலகையை எடுத்துவிட்டு மரச்சட்டங்கள் போட்டு, மேலே இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்குச் சுருள் சுருளான பிளாஸ்டிக் நார் விரிப்பு. அது நசுங்காது. காலையில் மெத்தையைச் சுவரில் சாய்த்து நிமிர்த்தி வைப்பதைத் தினமும் செய்கிறோம், பத்து நிமிடம் போதும்.

கண்ணாடிக்கு உள்பக்கமாக ஒட்டும் வெள்ளித் திரைகள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சூட்டை நிறுத்தும், மறுக்கவில்லை. ஆனால் உள்சூடு கண்ணாடியை எட்டாததால் கண்ணாடி இன்னும் சில்லிட்டுப் போகிறது, ஓரத்து இடுக்கு வழியாக ஈரக்காற்று போய்த் திரைக்குப் பின்னால் தண்ணீராக நிற்கிறது. நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். காலையில் உரித்தால் முழங்கையில் வழியும். வெளிப்பக்கமாக மாட்டும் திரை என்றால் கண்ணாடியே உள்ளே சேர்ந்துகொள்கிறது, வியர்ப்பது பெரிதும் குறைகிறது. என்ன, காலையில் அந்த நனைந்த திரையை எங்கே மடித்து வைப்பது என்பதற்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை.

3 டிசம்பர் 2023

லெஸ்டர் நண்பர்: “எல்லாம் சரி, உங்கள் வண்டியின் பக்கக் கதவுக்குக் கீழே தரைவிரிப்பு ஈரமாகவே இருக்கிறது என்று போன வருடமே எழுதினீர்களே, ஒருவேளை ஒழுகலோ?”

ஐயா, அந்த வண்டியைத் தகரத்திலிருந்து கட்டியவன் நான். ஒவ்வொரு ஜன்னலுக்கும் என் கையால் சீல் அடித்தேன். கதவுக்குள் கறுப்பு ரப்பர் நுரை ஒட்டியதும் நான். ஒழுகாது. கதவுக்கீழே தரை அதிகமாகச் சில்லிடுகிறது, அதனால் அங்கே வியர்க்கிறது.

27 டிசம்பர் 2023

டீசல் ஹீட்டர் மாட்டிவிட்டேன். இது ஏன் கேஸ் அடுப்பு மாதிரி இல்லை என்றால், எரிவதற்கான காற்றைத் தரைக்குக் கீழே வெளியிலிருந்து எடுத்து, புகையையும் (அதோடு பிறக்கும் தண்ணீரையும்) வெளியிலேயே விட்டுவிடுகிறது. உள்ளே வருவது வெறும் சூடு. 2 கிலோவாட் ஹீட்டர், குறைந்த வேகத்தில் மணிக்கு 120 மில்லி பக்கம் குடிக்கிறது, ராத்திரி முழுக்க ஓடினால் ஒரு லிட்டர் டீசல், ஒன்றரை பவுண்டு. கார்பன் மோனாக்சைடு அலாரம் இதற்கும் உண்டு, அதில் விவாதமே கிடையாது.

முன்பெல்லாம் படுக்கும் முன் நன்றாகச் சூடேற்றிவிட்டு அணைப்போம். அது தப்பு. சூடான காற்று ஈரத்தை வயிறு முட்டக் குடித்துவிட்டு, அணைத்ததும் விடியற்காலையில் எல்லாவற்றையும் கக்குகிறது. சின்னதாக, விடாமல் ஓட வேண்டும், கூரைத் திறப்பும் திறந்தே இருக்க வேண்டும். “டீசலைக் கொளுத்தி வானத்தைச் சூடாக்குகிறீர்களா” என்று அப்பா போனில் கேட்டார். ஆமாம், கொஞ்சம்.

22 ஜனவரி 2024

நேற்று ராத்திரி ஈஷா புயல். டிவியில் பெயரைக் கேட்டுவிட்டுக் கோவையிலிருந்து அம்மா போன், அங்கே என்ன விசேஷம் என்று. இங்கே மில்டன் கீன்ஸில் பக்கத்து வீட்டு வேலி எங்கள் தோட்டத்தில் படுத்திருக்கிறது.

காலையில் வேனைப் பார்க்கப் போனேன். பக்கக் கதவுக்கு உள்ளே தரைவிரிப்பை மிதித்தால் சப்பென்று தண்ணீர் மேலே வருகிறது. கண்ணாடியில் ஒரு துளி இல்லை. ஈரப்பதமானியில் 68. அந்த வேனில் மூன்று வாரமாக ஒருத்தரும் படுக்கவில்லை.

ஆளே மூச்சு விடாத வண்டியில் இவ்வளவு தண்ணீர் எப்படி வரும்? அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது. லெஸ்டர் நண்பர் இதைப் படிக்காமல் இருந்தால் நல்லது.

22 ஜனவரி 2024, இரவு

படித்துவிட்டார்.

27 ஜனவரி 2024

இன்று காலையில் முதல் வேலையாக, சந்தேகத்தைத் தீர்க்க வண்டியைத் தெருவில் பத்தடி ஓட்டிச் சட்டென்று பிரேக் அடித்தேன். கதவுக்குள் “சளக்” என்று ஒரு சத்தம், பாதி நிரம்பிய குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு யாரோ திரும்பியது போல. மனைவியை வெளியே நிற்க வைத்து மறுபடி அடித்தேன். அவளுக்கும் கேட்டது.

கதவின் உட்பக்க அட்டையைக் கழற்றினேன். பலருக்கு இது தெரியாது, நுரை ஒட்டியபோது எனக்கும் தெரியாது: வண்டிக் கதவு மழையை முழுக்கத் தடுப்பதில்லை. கண்ணாடி ஓரம் வழியாகக் கொஞ்சம் தண்ணீர் கதவுக்குள் இறங்குவது இயல்புதான், அது அடியில் இருக்கும் சின்ன ஓட்டைகள் வழியாக வெளியே போய்விடும். கதவுக்கும் அட்டைக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும், தண்ணீர் உள்பக்கம் வராமல் இருக்க. நான் என்ன செய்திருந்தேன் என்றால், குளிர் வரக் கூடாது என்று கதவின் அடிமடிப்பு வரைக்கும் ரப்பர் நுரையை இறுக்கி அப்பி, வடியும் ஓட்டை மூன்றையும் ஒழுங்காக, அழகாக அடைத்திருந்தேன். அந்தப் பிளாஸ்டிக் தாளைக் கிழித்துத் தூக்கியும் போட்டிருந்தேன், நுரைதான் இருக்கிறதே என்று. தண்ணீர் கதவுக்குள் ஏறி ஏறி, நிரம்பி, அட்டையின் கிளிப் ஓட்டை வழியாக உள்ளே வடிந்துகொண்டிருந்தது, இரண்டு வருடமாக.

ஸ்க்ரூடிரைவரால் நுரையைக் குத்தி எடுத்ததும் முதல் ஓட்டையிலிருந்து பழுப்புத் தண்ணீர் நூல் மாதிரி விழுந்தது. பக்கெட் வைத்தேன். மூன்று லிட்டருக்கு மேல். தரைவிரிப்புக்குக் கீழே ஒட்டுப்பலகை ஓரம் ஒரு முழ நீளத்துக்குக் கறுத்துப்போய் நகத்தால் கீறினாலே உதிர்கிறது.

லெஸ்டர் நண்பரிடம் மன்னிப்பு. டிசம்பர் 3 அன்று எழுதியதை அழிக்கவில்லை, இருக்கட்டும்.

28 ஜனவரி 2024

ஆகவே தம்பிக்கு என் முதல் பதிலில் ஒரு திருத்தம். கூரை ஒழுகுகிறதா என்று நீங்கள் கேட்டபோது நான் வண்டியைப் பார்க்காமலே இல்லை என்று சொன்னேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஆள் படுக்காத வாரத்திலும் மழைக்குப் பின் நனைந்தால் அது ஒழுகல். மழையே இல்லாத ராத்திரியிலும் நனைந்தால் அது மூச்சு. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம், எங்களுக்கு அப்படித்தான் இருந்தது, ஒன்று இன்னொன்றை மறைத்துக்கொண்டது.

சந்தேகமான இடத்தைத் துடைத்துக் காயவைத்து, ஒரு சாண் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்கள். மறுநாள் தாளின் மேல்பக்கம் நனைந்திருந்தால் உள்ளிருக்கும் காற்றிலிருந்து வந்தது. தாளுக்கு அடியில் நனைந்திருந்தால் பின்னாலிருந்து வருகிறது. முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் பக்கத்தில் இலை சேர்ந்து வடிகால் அடைவதையும் பாருங்கள், மரத்தடியில் நிறுத்தினால் அது வருடா வருடம் நடக்கும்.

11 பிப்ரவரி 2024

ஒருவர் கேட்டதற்காக: பூஞ்சணத்துக்கு நான் போடுவது சாதாரண வெள்ளை வினிகர். தண்ணீர் கலக்காமல் தெளித்து ஒரு மணி நேரம் விட்டுத் துடைப்பேன். வேன் இரண்டு நாள் ஊறுகாய் ஜாடி மாதிரி மணக்கும். ப்ளீச்சையும் வினிகரையும் ஒன்றாகச் சேர்த்துவிடாதீர்கள், விஷவாயு வரும்.

நிறுத்தி வைத்திருக்கும்போது அலமாரிக் கதவுகளைத் திறந்தே வைக்கிறோம். பருப்பு டப்பாவைத் தவிர வேறொன்றையும் உள்ளே விடுவதில்லை. அப்பளம் விட்டிருந்தோம் ஒரு தடவை. சுட எடுத்தபோது துணி மாதிரி மடிந்தது.

1 ஏப்ரல் 2024

ஈஸ்டருக்கு ஸ்காட்லாந்தில் கிளென்கோ. நேற்று மறுபடி கடிகாரத்தை மாற்றி ஒரு மணி நேரத் தூக்கத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். வெளியே 2 டிகிரி, மலை உச்சியில் இன்னும் பனி. ஹீட்டர் சின்னதாக ஓட, கூரைத் திறப்பு மூன்று விரல் திறந்திருக்க, நான்கு பேர் படுத்தோம். காலையில் மானியில் 58. முன் கண்ணாடியின் கீழ் ஓரத்தில் மட்டும் ஒரு கோடு தண்ணீர், ஒரே துணியில் துடைத்தாயிற்று. பக்கத்து இடத்தில் இருந்த கிளாஸ்கோ தாத்தா, மே கடைசியில் வந்தால் மிட்ஜ் என்ற கடிக்கும் குட்டிப் பூச்சிக்குப் பயந்து ஜன்னலையே திறக்க முடியாது என்றார். நம் சாதாரணக் கொசுவலைக் கண்ணுக்குள்ளேயே நுழைந்து வந்துவிடுமாம். அதற்கும் ஒரு வலை தேட வேண்டும்.

தம்பி வண்டியைப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார்: ஒழுகவில்லை, மூச்சுதான், மெஷினை விற்றுவிட்டாராம் 25 பவுண்டுக்கு.

எங்கள் கதவுக்குப் புதுப் பிளாஸ்டிக் தாள் ஒட்டியாயிற்று. அட்டை இன்னும் மாட்டவில்லை. கழற்றும்போது கிளிப் மூன்று உடைந்துவிட்டது, ஆர்டர் போட்டிருக்கிறேன், வியாழக்கிழமை வருமாம்.